ஜனவரியோடு ஜனவரி

ஆற்று நீர் ஆண்டுக்காண்டு கெட்டுவருகிறதா, தேறிவருகிறதா என்று பார்க்க உலகெங்கும் பயன்படும் கெண்டால் சோதனை பிறந்தது ஆற்றங்கரையில் அல்ல. ஒரே ஆட்களை இரண்டு பேர் தரவரிசைப்படுத்தினால் இரு வரிசைகளும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன? உளவியலாளர்களைக் குடைந்த இந்தக் கேள்விக்கு மாரிஸ் கெண்டால் 1938-இல் 'பயோமெட்ரிகா' இதழில் ஓர் அளவுகோல் கொடுத்தார். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஹென்றி மான், 1945-இல் ஒரு வரிசையை எடுத்துவிட்டு அங்கே காலத்தை வைத்தார். அதை வெளியிட்டது 'எக்கனோமெட்ரிகா' என்ற பொருளியல் இதழ்.

ஆற்றுக்கு அது வந்து சேர 1982 ஆனது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ராபர்ட் ஹிர்ஷ், ஜேம்ஸ் ஸ்லாக், ரிச்சர்ட் ஸ்மித் மூவருக்கும் கையில் இருந்த பதிவேடுகள் ஒழுங்கானவை அல்ல. வெள்ளம் வந்தால் ஒரு அளவு எகிறும். சில மாதங்களில் மாதிரியே எடுத்திருக்க மாட்டார்கள். சில இடங்களில் எண்ணுக்குப் பதில் 'கருவி காட்டும் அளவுக்குக் கீழே' என்றிருக்கும். சராசரியை நம்பும் முறைகள் இங்கே திணறும். கெண்டால் முறை திணறாது. எவ்வளவு கூடியது என்று அது பார்ப்பதே இல்லை. கூடியதா, குறைந்ததா, அவ்வளவுதான்.

மூவரும் சேர்த்தது ஒரே ஒரு விதி: ஜனவரியை ஜனவரியோடு மட்டும் ஒப்பிடு. ஐந்து ஜனவரிகளில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.04, 0.05, 0.05, 0.07, 0.06 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பத்து ஜோடிகள். எட்டில் பிந்தையது பெரிது, ஒன்றில் சிறிது, ஒன்றில் சமம். எட்டில் ஒன்று போக ஏழு. இப்படிப் பன்னிரண்டு மாதங்களுக்கும் போட்டுக் கூட்டினால், அந்தத் தொகை தற்செயலாக வரக்கூடியதா என்று சொல்லிவிடலாம். வெள்ளத்தில் 0.07 என்பது 7 ஆகியிருந்தாலும் விடை மாறாது. எத்தனை வேகத்தில் கூடுகிறது என்பதற்கு, கல்கத்தாவில் படித்த பிரணாப் குமார் சென் 1968-இல் எழுதியிருந்த வழி கைகொடுத்தது: எல்லா ஜோடிகளின் சரிவுகளையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வது.

1987-இல் 'சயின்ஸ்' இதழில் ஸ்மித்தும் கூட்டாளிகளும் 1974 முதல் 1981 வரையிலான ஆற்றுப் பதிவுகளை இதில் போட்டுப் பார்த்தார்கள். ஈயம் பரவலாகக் குறைந்திருந்தது. ஈயம் கலந்த பெட்ரோலின் புழக்கம் சரிந்த காலம் அது. நைட்ரேட் பல ஆறுகளில் ஏறியிருந்தது. தனித்தனிப் பதிவேடுகளில் இதைக் கண்ணால் பிடித்திருக்க முடியாது.

ஒரு குறை உண்டு. என் கணக்கில் சின்னக் குறை அல்ல. கோடையில் ஏறி, குளிர்காலத்தில் இறங்கினால் இரண்டும் கழிந்து 'மாற்றமில்லை' என்றுவிடும். மழை பொய்த்த சில ஆண்டுகளும் போக்குபோலத் தோன்றும். ஹிர்ஷே 2010-இல் செசபீக் விரிகுடாவில் பாயும் ஆறுகளுக்காக வேறொரு முறையைக் கொண்டுவந்தார். காலம், நீரோட்டம், பருவம் மூன்றையும் தனித்தனியே எடைபோடும் முறை அது. வந்த மழையைக் கழித்துவிட்டு, கரையில் மனிதர்கள் செய்ததை மட்டும் பார்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.