தலைக்காய இழப்பீடு: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி

விபத்தில் தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்டவருடைய இழப்பைப் பணமாகக் கணக்கிட்டு வழங்குவது தலைக்காய இழப்பீடு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இந்தக் கோரிக்கைகள் இரண்டு வழிகளில் எழுகின்றன. ஆலைக்குள் நேர்ந்தால் பணிக்காயம், சாலையில் நேர்ந்தால் மோட்டார் வாகன விபத்து. இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் சிப்காட் பூங்காக்களில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, பைக் எல்லாம் ஒரே சாலையில் நெருக்கியடித்து ஓடுகின்றன. அதனால் இரண்டு வழிகளும் பல வழக்குகளில் பின்னிக்கொள்கின்றன.

பணிக்காயத்துக்கான 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று அது சொன்னது. ஞாபகசக்தி போனால் எவ்வளவு என்று அதில் ஒரு வரியும் இருக்கவில்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மருத்துவரின் மதிப்பீடே கணக்கு. பிரஸ் ஷாப்பில் விரல் இழந்தவருக்கு அட்டவணையே சாட்சி. மூளையில் அடிபட்டவரோ தன் இழப்பை முதலில் இருந்து நிரூபிக்க வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள். தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும், நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு சொல்லும் விகிதப்படி மாதத் தொகையும் கிடைக்கும். இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட 51-ஈ பிரிவு, வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், பணிக்காயமாகக் கருதியது. 1923 சட்டத்துக்கும் இதே பார்வை பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் இவ்விரு சட்டங்களின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இ.எஸ்.ஐ. பயன் பெறுபவர் அதே பணிக்காயத்துக்கு முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது என்றது இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு. அதன் வாசகத்தில் உள்ள தடை, முதலாளிக்கும் அவருடைய ஊழியருக்கும் எதிரானது மட்டுமே. மோதிய லாரி வேறொருவருடையது என்றால் அதன் உரிமையாளர் மீதும் காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி திறந்திருக்கிறது.

தீர்ப்பாயத்தில் தொகையைத் தீர்மானிப்பது கணக்கிடும் முறைதான். தமிழ்நாட்டில் நெடுநாளாக, ஒரு சதவீத ஊனத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. எலும்பு கூடிவிட்ட முறிவுக்கு அது ஓரளவு பொருந்தலாம். தலைக்காயத்துக்கு அது பெரிய அநீதி. 24 வயது, மாதம் 18,000 ரூபாய் சம்பளம் வாங்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு மருத்துவர் 40 சதவீத ஊனம் என்று சான்று தருவதாக வைத்துக்கொள்வோம். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்றால் அந்தத் தலைப்பில் கிடைப்பது 2 லட்சம். பெருக்கெண் முறையில் ஆண்டு வருமானம் 2,16,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 3,02,400. அந்த வயதுக்குரிய பெருக்கெண்ணான 18ஆல் பெருக்கினால் 54,43,200. அதில் 40 சதவீதம் எடுத்தாலே 21,77,280 ரூபாய் ஆகிறது.

அந்த 40 சதவீத ஊனத்திலேயே நிற்கவும் வேண்டியதில்லை. ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் சொன்னது இதுதான்: உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு, இவர் என்ன வேலை செய்தார், இனி எதைச் செய்ய முடியும் என்று பார்த்தே பின்னதை முடிவு செய்ய வேண்டும். அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு வலிப்பு வந்தால் சுழலும் இயந்திரத்தின் அருகிலோ ஃபோர்க்லிஃப்ட்டிலோ வேலை தரமாட்டார்கள். இரவு ஷிப்ட்டில் தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும். மாடல் மாறும்போது எந்த போல்ட்டுக்குப் பின் எது என்ற வரிசை நினைவில் நிற்காது. மோப்ப நரம்பு அறுந்தவர் பெயின்ட் ஷாப்பில் தின்னர் கசிவதை உணர மாட்டார். அந்த 24 வயதுத் தொழிலாளிக்குத் திறன் இழப்பு 100 சதவீதம் என்று நிறுவினால் முழு 54,43,200 ரூபாயும் கேட்கலாம்.

எதிர்கால உயர்வுக்கான விகிதம் 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பிலிருந்து வருகிறது. 40 வயதுக்குக் குறைந்த நிரந்தரப் பணியாளருக்கு 50 சதவீதம், நிலைச் சம்பளக்காரருக்கும் சுயதொழில் செய்பவருக்கும் 40 சதவீதம். காயமடைந்து உயிரோடு இருப்பவருக்கும் இது பொருந்தும் என்று 2020இல் தெளிவானது. ஒரே லைனில் ஒரே வேலை செய்யும் இருவருக்கு அடையாள அட்டையின் நிறத்தை வைத்து இப்படி வித்தியாசம் வருவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சான்றுகளில் முதன்மையானது, விபத்தன்று மருத்துவமனை எழுதிய ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்). சுயநினைவு இருந்ததா, வாந்தி எடுத்தாரா என்பதை அதில் விட்டுவிட்டால் பிறகு சேர்ப்பது கடினம். டீஸ்டேல், ஜென்னட் இருவரும் 1974இல் வகுத்த கிளாஸ்கோ அளவுகோலில் 3 முதல் 8 வரை கடுமையான காயம், 13 முதல் 15 வரை லேசானது. இந்த ‘லேசான’ என்ற சொல்லைக் காட்டித் தொகையைக் குறைக்க முயல்வதுண்டு. அந்த எண் முதல் நாளின் சுயநினைவு நிலையை அளக்கிறது. ஒன்றரை ஆண்டு கழித்து அவரால் வேலை செய்ய முடியுமா என்பதை அளப்பதில்லை. அதற்கு நரம்பியல்-உளவியல் பரிசோதனை வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் இந்தியர்களுக்கென்றே அத்தகைய பரிசோதனைத் தொகுப்பை உருவாக்கியிருக்கிறது. மனைவியும் உடன் வேலை பார்த்தவரும் தரும் சாட்சியமும் முக்கியம். முன்பு சாந்தமாக இருந்தவர் இப்போது சின்ன விஷயத்துக்கும் கை ஓங்குகிறார் என்பதை ஸ்கேன் சொல்லாது.

கவனிப்புச் செலவைப் பெரும்பாலும் ஒரு சிறு தொகையோடு முடித்துவிடுகிறார்கள். ஹரியானாவில் 2007இல் தலைக்காயம்பட்டு முழுமையாகச் செயலிழந்த 12 வயதுச் சிறுமியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உதவியாளர் செலவையும் பெருக்கெண் முறையில் கணக்கிட்டது. இரண்டு பேருக்கு மாதம் 5,000 வீதம், 18ஆல் பெருக்கி 21,60,000 ரூபாய். மொத்தம் 62,27,000 ரூபாய். வீட்டில் தாயோ மனைவியோ செய்வது இலவச வேலை என்று நினைக்கும் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி, விபத்து நடந்த இடத்தின் எல்லையில் மட்டுமல்லாமல் தான் வசிக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல் மனுவுக்கு ஆறு மாதக் கெடு. அது உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டுள்ளது; கெடுவைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. மூளைக்காயம் நிலைகொள்ள ஓராண்டுக்கு மேல் ஆகலாம் என்பதால், மனுவை உடனே போட்டுவிட்டு, ஊன மதிப்பீட்டைச் சிகிச்சை முடிந்தபின் சாட்சி விசாரணையின்போது தாக்கல் செய்வதே பாதுகாப்பான முறை.