சுகப்பிரசவம் என்பது எது?



சென்ற வருஷம் தை மாதம் என் தம்பியின் பேத்திக்குப் புண்யாஹவாசனம், பெயர் சூட்டல் எல்லாம் புனேயில் சிறப்பாக நடந்தேறின. தம்பி பெண்ணுக்கு வயது 34. முதல் பிரசவம். மருத்துவரிடம் இரண்டு மூன்று தடவை விவரமாகப் பேசி, 39 வாரம் நிறைந்த பிறகு சிசேரியன் செய்துகொள்வது என்று அவளே முடிவு செய்திருந்தாள். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமி உரக்கவே சொன்னார்: "வலி எடுக்கறதுக்கு முன்னாடியே போய்ப் படுத்துண்டுட்டாளாமே! நாங்கள்லாம் அஞ்சு பெத்தோம். இந்தக் காலத்துப் பொண்களுக்கு எதையும் தாங்கற சக்தியே கிடையாது." குழந்தையின் தாயார் காதிலும் அது விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸில் ஃபைலில் நோட் எழுதியே பழகியவனுக்கு எதையும் எழுத்தில்தான் சொல்ல வருகிறது. நான் மருத்துவன் அல்லன். ரசாயனம் படித்த சாதாரண பி.எஸ்ஸி. பட்டதாரி. படித்துத் தெரிந்துகொண்டதை நம் அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சீஸரும் சாணக்கியரும்

ஜூலியஸ் சீஸர் இப்படிப் பிறந்ததால்தான் சிசேரியன் என்று பெயர் வந்தது என நாம் பள்ளியில் படித்தோம். இது சரியாக இருக்க வாய்ப்பில்லை. அந்தக் காலத்தில் வயிற்றைக் கீறினால் தாய் பிழைப்பது அரிது. சீஸரின் தாயார் ஆரீலியாவோ மகன் பெரிய தளபதியாகும் வரை உயிரோடு இருந்தவர். கர்ப்பிணி இறந்துபோனால் குழந்தையை வெளியே எடுக்காமல் அடக்கம் செய்யக் கூடாது என்று ரோமில் ஒரு பழைய சட்டம் இருந்தது. ஆக, அன்று இந்த அறுவை இறந்த தாய்க்கு மட்டுமே உரியது.

நம் தேசத்திலும் அப்படித்தான். சுச்ருத சம்ஹிதையில் மூடகர்ப்பம் பற்றிய பகுதியில், தாய் இறந்த பின் வயிற்றில் துடிப்புத் தெரிந்தால் உடனே திறந்து குழந்தையை எடுக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. விஷம் கலந்த உணவை உண்டு மடிந்த ராணியின் வயிற்றிலிருந்து சாணக்கியர் பிந்துசாரரை எடுத்துக் காப்பாற்றியதாக ஹேமசந்திரரின் பரிசிஷ்டபர்வம் என்ற சமண நூல் சொல்கிறது. கதைதான் என்றாலும், எந்த நிலைமையில் இந்த அறுவை நினைத்துப் பார்க்கப்பட்டது என்பதை அது காட்டுகிறது. தாயின் விருப்பம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கத்தி பத்திரமானது எப்படி?

1826ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஜேம்ஸ் பாரி என்ற ராணுவ மருத்துவர் செய்த சிசேரியனில் தாயும் சேயும் பிழைத்தனர். அந்தக் குடும்பம் நன்றியோடு குழந்தைக்கு மருத்துவரின் பெயரையே வைத்தது. 1865ல் பாரி இறந்தபோதுதான், ஆணாக வாழ்ந்த அவர் பிறப்பால் பெண் என்று தெரிய வந்தது. பெண்கள் மருத்துவம் படிக்க முடியாத காலம் அது.

பாரியின் வெற்றி அபூர்வமானது. பெரும்பாலான தாய்மார்கள் ரத்தப் போக்கினாலோ சீழ் பிடித்தோ மாண்டார்கள். கருப்பையைத் தைக்காமல் விட்டுவிடுவதே அன்றைய வழக்கம். 1876ல் இத்தாலியில் எத்வார்தோ போரோ, ரத்தப் போக்கை நிறுத்தக் கருப்பையையே அகற்றினார். 1882ல் ஜெர்மனியில் மாக்ஸ் சாங்கர் வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் கருப்பையைத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். லிஸ்டரின் கிருமி ஒழிப்பு முறை, கருப்பையின் கீழ்ப் பாகத்தில் குறுக்காகக் கீறும் முறை, ரத்த தானம், 1940களில் பென்சிலின் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகே இது பயமின்றிச் செய்யக்கூடிய அறுவை ஆயிற்று. ஆக, இந்த அறுவையை வேண்டாம் என்று நம் பாட்டிமார்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. அவர்கள் பார்த்த கத்தி வேறு, இன்றைய கத்தி வேறு.

சாதாரணப் பிரசவமும் அன்று அவ்வளவு சுகமாக இல்லை. 1946ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, இந்தியாவில் 1000 பிரசவங்களுக்குச் சுமார் 20 தாய்மார்கள் இறந்ததாக மதிப்பிட்டது. வருஷத்திற்கு ஏறக்குறைய 2 லட்சம் பேர்! 2018-20 கணக்கில் இது ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 97. "அஞ்சு பெத்தோம்" என்று சொல்லும் மாமிகள் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்கள் பந்திக்கு வந்து பேச முடியாது. "பெத்துப் பொழச்சா மறுபிறவி" என்று நம் அகங்களில் சும்மாவா சொன்னார்கள்?

வலி புண்ணியமா?

வலி இல்லாமல் பெற்றால் குற்றம் என்ற எண்ணம் நம்மிடம் மட்டும் இருந்ததல்ல. 1847ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்ஸன் பிரசவத்திற்குக் குளோரோஃபாரம் கொடுத்தபோது, வேதனையோடு பெறுவாய் என்று பைபிளில் இருக்கிறதே, இது தெய்வ விரோதம் அல்லவா என்று ஆட்சேபம் எழுந்தது. ஆதாமை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தித்தானே கடவுள் விலா எலும்பை எடுத்தார் என்று சிம்ப்ஸன் அதே பைபிளைக் காட்டிப் பதில் எழுதினார். 1853ல் விக்டோரியா மகாராணி தம் எட்டாவது பிரசவத்தில் குளோரோஃபாரம் ஏற்றார். கொடுத்தவர் ஜான் ஸ்நோ. லான்செட் மருத்துவப் பத்திரிகையே இதைக் கண்டித்தது. ஆனால் மகாராணியே ஏற்ற பிறகு மற்றவர்களைக் குறை சொல்ல அவ்வளவு எளிதாக நாக்கு எழவில்லை.

நம் மரபில் வலியைப் புண்ணியம் என்று போற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. திருச்சியில் காவேரி வெள்ளத்தால் தாயார் வர முடியாமல் போன ரத்னாவதிக்கு, ஸ்வாமியே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்பதுதானே தாயுமானவர் சரித்திரம். "தாங்கிக்கொள்" என்று உபதேசம் பண்ணவில்லை, ஒத்தாசைக்கு வந்தார்.

எங்கள் அகத்துக் கதை

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. 1979ல் நான் மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிறு நகரத்தில் உத்தியோகத்தில் இருந்தேன். என் மனைவிக்கு முதல் பிரசவம். வலி எடுத்து ஒன்றரை நாள் ஆகிவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு லேடி டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஆபரேஷன் பண்ணிவிடலாம், கையெழுத்துப் போடுங்கள் என்றார். "அவசரப்படாதேடா. வயத்தைக் கீறினா அப்புறம் அவ எதுக்கும் லாயக்கில்லாமப் போயிடுவா. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்றாள் என் அம்மா. நான் பார்த்தேன். விடியற்காலை நான்கு மணி வரை பார்த்தேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். ஆண் குழந்தை, இரண்டு நாள் இருந்தது.

முன்பே போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. டாக்டர் மேல் குறையில்லை. அம்மா மேலும் குறை சொல்ல மாட்டேன். அவள் தன் அக்காவைப் பிரசவத்தில் பறிகொடுத்தவள். ஆனால் ஒன்று மட்டும் என்னை இன்றும் உறுத்துகிறது. அந்த ஏழு மணி நேரமும் நானும் அம்மாவும் வராந்தாவில் பேசிக்கொண்டே இருந்தோம். உள்ளே படுத்திருந்தவளிடம் போய் "உனக்கு என்ன வேணும்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்து அவளே ஒருநாள் சொன்னாள்: "நான் ராத்திரியே பண்ணிடுங்கோன்னுதான் சொல்லியிருப்பேன்."

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

தாயின் விருப்பத்தின் பேரில் சிசேரியன் என்ற விவாதம் மருத்துவ உலகில் 1990களில்தான் சூடு பிடித்தது. 1996ல் லான்செட்டில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், லண்டனிலுள்ள பெண் மகப்பேறு மருத்துவர்களில் 31 சதவீதம் பேர், சிக்கலே இல்லாத பிரசவமானாலும் தமக்குச் சிசேரியனையே தேர்ந்தெடுப்போம் என்றனர். அதே சமயம் ஆங்கிலப் பத்திரிகைகள், முக்கிப் பெறக்கூட மனமில்லாத சீமாட்டிகள் என்ற பொருளில் இப்படிக் கேட்கும் பெண்களைக் கேலி செய்தன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004ல் தாயின் கோரிக்கை மட்டும் போதுமான காரணமாகாது என்றது. 2011ல், நன்மை தீமைகளை விளக்கிய பிறகும் அவள் விரும்பினால் செய்து தரலாம் என்று மாற்றிக்கொண்டது.

2015ல் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் மாண்ட்கோமரி வழக்கில் தந்த தீர்ப்பு முக்கியமானது. சர்க்கரை வியாதியுள்ள, உயரம் குறைந்த அந்தத் தாய்க்கு, பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் 9 அல்லது 10 சதவீதம் இருந்தது. சொன்னால் சிசேரியன் கேட்பார்கள் என்பதால் மருத்துவர் சொல்லவில்லை. குழந்தை மூளை பாதிப்போடு பிறந்தது. அபாயத்தைச் சொல்லி, முடிவை அவளிடம் விடுவதே மருத்துவரின் கடமை என்று நீதிமன்றம் கூறியது. நம் சுப்ரீம் கோர்ட்டும் 2008ல் சமீரா கோஹ்லி வழக்கில், நோயாளிக்குப் போதிய விவரம் கூறிப் பெற்றால்தான் அது சம்மதம் என்று தெளிவுபடுத்தியிருக்கிறது.

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 2005-06ல் சுமார் 9 சதவீதமாக இருந்த சிசேரியன், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 21.5 சதவீதம் ஆகிவிட்டது. அரசு மருத்துவமனைகளில் 14.3; தனியாரில் 47.4. தெலங்கானாவில் மொத்தமாகவே 60.7. நாகாலாந்தில் 5.2! சிக்கலான பிரசவங்கள் எங்கே போகின்றன, அறுவை வசதி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் இதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் இவ்வளவு வித்தியாசத்துக்கும் பெண்களின் "தாங்காத உடம்பு"தான் காரணம் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. வலி எல்லா மாநிலத்திலும் ஒன்றுதான். நாட்டளவில் 10 சதவீதத்திற்கு மேல் போவதால் தாய் சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் கூறியிருக்கிறது.

சிசேரியனுக்கு விலையும் உண்டு. உடம்பு தேற நாளாகும். அடுத்தடுத்த கர்ப்பங்களில் நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. மூன்று நான்கு குழந்தைகள் வேண்டும் என்பவர்கள் யோசிக்க வேண்டும். 39 வாரத்திற்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரக்கூடும்.

இங்கேதான் நம்மவர்களிடம் ஒரு வேடிக்கை. வலிக்குப் பயந்து ஆபரேஷன் என்றால் முகம் சுளிக்கிறோம். ஆயில்யம், மூலம் வேண்டாம், முதல் வாரமே நல்ல லக்னம் இருக்கிறது என்று ஜோஸ்யர் குறித்துக் கொடுத்தால், அதே ஆபரேஷனுக்குச் சந்தோஷமாக நாள் பார்க்கிறோம்! அங்கே தேர்ந்தெடுப்பது பஞ்சாங்கம். சில இடங்களில் தேர்ந்தெடுப்பது ஆஸ்பத்திரி பில். எங்கள் அகத்தில் தேர்ந்தெடுத்தது வராந்தா. தாயே தேர்ந்தெடுத்தால் மட்டும் நமக்குக் கோபம் வருகிறது.

ஒரு வேண்டுகோள்

எல்லோரும் சிசேரியன் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இயற்கைப் பிரசவம் நடக்கக்கூடியதாக இருந்தால் அது பல விதத்தில் நல்லது; காத்திருக்கத் துணிவுள்ள பெண்ணுக்குத் துணை நிற்க வேண்டும். மருத்துவரிடம் "ஏன்? இப்போதே அவசியமா? அடுத்த குழந்தைக்கு என்ன ஆகும்?" என்று கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்க வேண்டியவள் அவள். நாம் கூட உட்கார்ந்திருந்தால் போதும். எல்லாம் தெரிந்து அவள் ஒரு முடிவு சொன்னால், அதன் பிறகு பந்தியில் நம் அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

என் தம்பி பெண் ஆஸ்பத்திரிப் படிவத்தில் தானே கையெழுத்துப் போட்டாள். இதை அறிந்தபோது என் மனைவி அவளுக்கு ஃபோன் பண்ணி, "நன்னா யோசிச்சு பண்ணியிருக்கேடி குழந்தே" என்றாள். அந்த மாமிக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான்.

தாயும் சேயும் நலமாக இருந்தால் அதுவே சுகப்பிரசவம்.