"நீங்க என்ன ஆளுங்க?": வாடகை அறையும் மாணவர் விடுதியும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பாக எடுப்பது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்னத் தலைப்பு: படிக்க வந்த பையனுக்கு வாடகைக்கு ஓர் அறை. நாம் யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியரை நான் முதலில் சந்தித்தது ஓர் அறையைத் தேடி அலைந்தபோதுதான்.

1983 ஜூலை. கல்லூரி விடுதியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தகரப் பெட்டியோடு திருவல்லிக்கேணியில் ஐந்து வீடு ஏறி இறங்கினேன். முதல் கேள்வி, "எந்த ஊர் தம்பி?" இரண்டாவது, "ஊருக்குள்ளயா, வெளியவா?" ஓர் அம்மா காபி கொடுத்தார், மாடி அறையைத் திறந்து காட்டினார், அட்வான்ஸ் தொகையையும் சொன்னார். படி இறங்கும்போதுதான் கேட்டார்: "நீங்க என்ன ஆளுங்க?" சொன்னேன். "பெரியவர் ஊர்லேர்ந்து வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றார். நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெரியவர் இன்னும் வரவில்லை.

இது என் சொந்தக் கதை மட்டுமாக இருந்தால் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன். இந்த நாட்டில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான விடுதிகள் எப்படித் தோன்றின என்று தேடிப் போனால், ஒவ்வோர் இடத்திலும் ஒரு சாத்திய கதவின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 'அரசு போட்ட சோறு', 'சலுகை' என்று நம் விடுதிகளைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது.

கோலாப்பூரிலிருந்து தொடங்கலாம். கிராமங்களிலிருந்து படிக்க வந்த பையன்களுக்கு நகரத்தில் தங்க இடமில்லை. கல்லூரி இருந்தது, உதவித்தொகை இருந்தது, படுக்கத் திண்ணை இல்லை. சாகு மகராஜ் அதைப் பார்த்தார். ஒவ்வொரு சமூகத்து மாணவர்களுக்கும் விடுதி திறக்க வைத்தார். தீண்டப்படாதோர் பிள்ளைகளுக்காக 1908-இல் மிஸ் கிளார்க் விடுதி வந்தது. சாதிக்கொரு விடுதி என்பது சாதியைக் காப்பாற்றாதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இரவில் எங்கே படுப்பது என்ற கேள்வி அதைவிட அவசரமானது.

அடுத்தது பரோடா. இந்த அவையில் பலருக்கும் தெரிந்த கதை. இருந்தும் அதை ஒரு வாடகைக் கதையாக நாம் படித்ததில்லை. 1917-இல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்புகிறார். உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலை. நியூயார்க்கில் மாணவர் விடுதி அறையில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு தங்கிப் படித்தவர். அங்கே ஓர் அறை கிடைப்பதற்கு அவர் தன் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பரோடாவில் இந்து விடுதி எதுவும் அவரைச் சேர்க்காது. பார்சிகளின் சத்திரம் ஒன்றில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு தங்குகிறார். கீழே பராமரிப்பாளர் குடும்பம். மேலே ஒரு சிறிய படுக்கையறை. மற்ற இடமெல்லாம் உடைந்த நாற்காலிகளும் பலகைகளும் குவிந்த இருட்டுக் கூடம். பதினோராம் நாள் காலை, கையில் தடியோடு ஒரு கூட்டம் படியேறி வந்தது. மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்றது. இரண்டு நண்பர்களிடம் போனார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் முதலாமவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் அடுத்தவர். பிறகு பொதுப் பூங்கா. பிறகு இரவு ஒன்பது மணிக்குப் பம்பாய் ரயில்.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார். பூங்காவில் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து மணி நேரத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1924-இல் அவர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்குகிறார். அடுத்த ஆண்டே சபா சோலாப்பூரில் ஒரு மாணவர் விடுதியைத் திறக்கிறது. அந்த அமைப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் விடுதியில் கைவைத்தது என்று கேட்டால், பரோடாவை விலக்கிவிட்டு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இது என் ஊகம். ஆனால் அறை தேடி அலைந்தவனின் ஊகம்.

நம் பக்கத்தில் சிதம்பரம். பரோடா சம்பவத்துக்கு ஓராண்டு முன்பே, 1916-இல், சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பள்ளி வைத்தால் மட்டும் போதாது, தூரத்துச் சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கு இரவும் வேண்டும் என்று அறிந்தவர் அவர். அதே ஊரில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. நந்தனார் கோயிலுக்குள் போக முடியாமல் நின்ற ஊரில் அவர் பெயரால் நம் பிள்ளைகளுக்குக் கூரை கிடைத்தது என்பதைச் சும்மா கடந்து போக முடியுமா?

சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை, பிறகு ஹரிஜன நலத்துறை, இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறை. பெயர்கள் மாறின, விடுதிகள் தொடர்ந்தன. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். ஒழுகும் கூரை, தண்ணீர்க் குழம்பு, ஓர் அறைக்குள் அளவுக்கு மீறிய ஆட்கள். குறைகளை நான் மறைக்கவில்லை. அங்கே யாரும் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். 2025-இல் இவ்விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். முகவரியில் 'ஹரிஜன ஹாஸ்டல்' என்று எழுதக் கூசி, நண்பன் வீட்டு முகவரிக்குக் கடிதம் வரவழைத்தவன் நான்.

விடுதியும் போனால் என்ன ஆகும் என்பதை ஐதராபாத் காட்டியது. 2016 ஜனவரியில், மத்தியப் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே திறந்த வெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி. ஐவரில் ஒருவர் ரோகித் வெமுலா.

இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள் என்பவர்களுக்கு ஒரு தகவல். சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்டுத் தொலைபேசியில் பேசவைத்துச் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரில் கேட்டவர்களில் யாருக்கும் மறுப்பு இல்லை. தலித்துகளில் ஏறக்குறைய 18 விழுக்காட்டினருக்கும் முஸ்லிம்களில் 31 விழுக்காட்டினருக்கும் மறுப்பு. இது தொலைபேசியில் மட்டும். நேரில் போனவர்களின் கதை வேறு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955-இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், எதிராகக் காட்டப்படும்வரை தீண்டாமையே காரணம் என நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் வாடகை மறுப்பு தீண்டாமை என்ற பெயரில் வருவதில்லையே. "சைவம் மட்டும்." "குடும்பத்துக்குத்தான்." "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாரு." தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் குடியேறியவனின் உரிமையைப் பேசுகிறது. வாசலில் நிற்பவனை அது பார்ப்பதில்லை.

அந்த 1983 ஜூலை மாலைக்குத் திரும்புகிறேன். கல்லூரி மரத்தடியில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த என்னிடம் ஐயா வந்தார். காரணம் எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து ஒரு முகவரியைப் படித்தார். "என் பேரைச் சொல்லு. அங்க கேக்க மாட்டாங்க." ஜாம்பஜார் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மாடி. மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தேன்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முப்பத்தாறு முகவரிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் வாடகை, சோறு உண்டா இல்லையா, எந்த ஆண்டு யார் தங்கினார்கள் என்ற குறிப்பு. சில முகவரிகளைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் 'மகன் காலத்தில் கேட்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அதைப் பின்வரிசை மேசையில் வைக்கிறேன். உங்களில் யாராவது அந்த வீடுகளில் தங்கியிருந்தால், உங்கள் பெயரையும் ஆண்டையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். இன்று அறை தேடும் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய முகவரி தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பின்னால் இன்னும் பதினோரு பக்கம் வெற்றாக இருக்கிறது.