தலையில் போன பரிசலும் கார் மேல் போகும் கயாக்கும்

படகு என்றதும் எல்லோருக்கும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு படகின் வாழ்க்கையில் பாதிச் சிக்கல் தரையில்தான் இருக்கிறது. ஆற்றோடு கீழே போய்விட்ட படகை மறுபடி மேலே கொண்டு வருவது எப்படி? தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து தண்ணீர் இருக்கும் ஊருக்கு அதைக் கொண்டு போவது எப்படி? இன்று கார் கூரையில் கேரியர் மாட்டி, அதன் மேல் கயாக் எனும் ஒல்லிப் படகைக் கட்டிக்கொண்டு ஹைவேயில் பறக்கிறார்கள். இந்தக் கேள்விக்குக் காவிரிக்கரை ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருந்தது. காரும் வேண்டாம், கேரியரும் வேண்டாம். படகையே தலையில் கவிழ்த்துக்கொள்!

திருச்சியின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். ஊருக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் தீவாகக் கிடப்பது ஸ்ரீரங்கம். ரங்கநாதரைச் சேவிக்கத் தெற்கிலிருந்து வந்தாலும் ஆறு, வடக்கிலிருந்து வந்தாலும் ஆறு. 1849-ல் காவிரிக்குக் குறுக்கே ஆங்கிலேயர்கள் 32 கண் பாலம் கட்டும் வரை, வெள்ளக் காலத்தில் ஓடமோ பரிசலோதான் வழி; கோடையில் மணலில் நடக்க வேண்டியதுதான். அதாவது வருடத்தில் சில மாதம் படகு உயிர் காக்கும், சில மாதம் அது வெறும் பாரம். இப்படிப்பட்ட ஆற்றுக்குக் கனமான மரப்படகை விட, வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது ஓரமாகச் சாய்த்து வைக்கிற படகே தோது.

பரிசல் அப்படிப்பட்டதுதான். மூங்கிலைப் பிளந்து, வட்டமான பெரிய கூடையாகப் பின்னி, வெளியே மாட்டுத்தோலைப் போர்த்தினால் அந்தக் காலத்துப் பரிசல். பிற்பாடு தோலின் இடத்துக்குத் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வந்தன. இப்போது ஃபைபர் பரிசல்களும் இருக்கின்றன. முன் பக்கம், பின் பக்கம் என்று எதுவும் கிடையாது. நிறுத்தாமல் சுற்றும், பழக்கமில்லாதவருக்குத் தலையும் சுற்றும். ஆனால் அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் உரசினாலும் மூங்கில் வளைந்து கொடுக்கும். ஒகேனக்கல் போனவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள்: கவிழ்த்த பரிசல் ஒன்று இரண்டு கால்களோடு கரையில் நடந்து போகும். பரிசல்காரர் உள்ளே இருக்கிறார்!

நீரோட்டத்தில் இறங்குவது சுலபம், எதிர்த்துத் துடுப்புப் போட்டு ஏறுவது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்பதால் வந்த ஏற்பாடு இது. இறங்கும்போது படகு மனிதனைச் சுமக்கும், திரும்பும்போது மனிதன் படகைச் சுமப்பான். இதே கணக்கை கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆர்மீனியாவிலிருந்து பாபிலோனுக்குச் சரக்கு கொண்டு வரும் வியாபாரிகள் தோல் போர்த்திய வட்டப் படகில் வருவார்களாம். படகுக்குள்ளேயே ஒரு கழுதையும் வருமாம். பாபிலோன் வந்ததும் சரக்கையும் படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதை முதுகில் ஏற்றி ஊருக்கு நடையைக் கட்டுவார்களாம். உலகின் முதல் படகு கேரியர் கழுதைதான் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

தென்னிந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர்களும் பரிசலைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் பதினைந்து இருபது பேரை ஏற்றும் கூடைப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவை எப்போதும் சுழன்றுகொண்டே போவதையும் அவர் கவனித்திருக்கிறார். ஆனால் பரிசலின் உண்மையான பலம் சுமக்க முடிவதில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டது ராணுவம்தான்.

அந்த நாள் யுத்தங்களில் ஆறு என்பது பெரிய விஷயம். 1752-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி லாவும் திருச்சி முற்றுகையைக் கைவிட்டு ஸ்ரீரங்கம் தீவுக்குள் பின்வாங்கினார்கள். இரண்டு பக்கமும் ஆறு இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்திருக்கலாம். காவிரிக்குத் தெற்கே லாரன்ஸ் நின்றார்; கிளைவ் ஆறுகளைக் கடந்து கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் உட்கார்ந்துகொண்டார். அரணாக இருக்க வேண்டிய ஆறு பொறியாக மாறியது. ஜூன் மாதம் லா சரணடைந்தார், சந்தா சாகிபின் தலை போயிற்று. கர்நாடகத்தின் தலையெழுத்தை மாற்றிய அந்தச் சில வாரங்களில், ஆற்றைக் கடக்க முடிகிறவன் ஜெயித்தான், முடியாதவன் மாட்டிக்கொண்டான்.

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர் ஹைதர் அலி. அவருடைய படை பரிசல்களைக் கூடவே தூக்கிக்கொண்டு போனது என்று அவரிடம் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார். சட்டத்தை இரண்டு பேர், தோலை இரண்டு பேர் சுமப்பார்கள். ஆற்றங்கரைக்கு வந்ததும் சட்டத்தில் தோலைப் பூட்டினால் படகு தயார். ஒரு பரிசலில் 25 வீரர்கள் போகலாம், அல்லது ஒரு பீரங்கியை ஏற்றலாம். நாலு ஆள் சுமையில் 25 பேருக்கு வழி! இந்தப் படைதான் 1781-ல் ஸ்ரீரங்கம் வரை வந்து திருச்சிக் கோட்டையை மிரட்டியது.

ஆங்கிலேயர்கள் இதைக் கொஞ்சம் கஷ்டப்பட்டே கற்றுக்கொண்டார்கள். 1803-ல் மராத்தியர்களுக்கு எதிராகப் போன ஆர்தர் வெல்லஸ்லி (பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன்) மிதவைப் பாலத்துக்கான படகுகளைப் பம்பாயிலிருந்து வரவழைக்கப் பார்த்தார். மழைக்காலச் சேற்றில் அவற்றை ஏற்றி வந்த வண்டிகள் உடைந்து வழியிலேயே நின்றன. தண்ணீரில் நன்றாக மிதக்கும் படகுகள்தான், ஆனால் தண்ணீர் வரை வந்து சேரவில்லை. கடைசியில் அவர் ஆறுகளைக் கடக்க நம்பியது கூடைப் பரிசல்களைத்தான்.

1849 பாலத்துக்குப் பிறகு திருச்சியில் பரிசலின் மவுசு குறைந்தது. மீன்பிடிப்பும், பாலம் இல்லாத துறைகளும் மட்டும் அதற்கு மிஞ்சின. 1976-ல் காவிரியில் புதிய பாலமும் வந்த பிறகு, ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பதே பஸ்ஸில் போகிறவர்களுக்கு மறந்துபோனது. (2022-ல் அந்தப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடியபோது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. 2023-ல் திறந்தார்கள்.)

இனி கயாக். இது வட துருவத்துப் பனிப்பகுதி மக்களின் கண்டுபிடிப்பு. கரை ஒதுங்கும் கட்டையிலும் எலும்பிலும் சட்டம், அதன் மேல் சீல் தோல். கவனித்தால் இதுவும் பரிசலின் சொந்தக்காரன்தான். ஒன்று சட்டமும் தோலும் வட்டமாக, மற்றது சட்டமும் தோலும் நீளமாக. நீளமாக இருப்பதால் வேகம் உண்டு, நினைத்த திசையில் போகும். ஆனால் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூரம் நடக்க முடியாது. ஐரோப்பியர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டபோது முதலில் இடித்தது இந்த இடம்தான். 1905-ல் ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ் என்ற ஜெர்மானியக் கட்டடக்கலை மாணவர் மடித்துப் பைக்குள் வைக்கும் கயாக்கைச் செய்தார். ஒரு கல்லூரி மாணவரின் வேலை! 1907-ல் யோஹான் கிளெப்பர் அந்த உரிமையை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். ரயிலில் பையோடு ஏறி, மலையடிவாரத்தில் இறங்கி, படகைப் பூட்டி ஆற்றில் விடுவது அங்கே ஒரு மோகமாகவே ஆனது. இப்படி ஒரு மடக்குப் படகில் 1932-ல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து கிளம்பிய ஆஸ்கர் ஸ்பெக், இந்தியக் கரையோரமாக 1935-ல் இலங்கை வந்து, மறுபடி வங்கக் கடலோரம் ஏறி, 1939-ல் ஆஸ்திரேலியாவைத் தொட்டார். தொட்ட நேரம் இரண்டாம் உலகப்போர் தொடங்கியிருந்தது. எதிரி நாட்டான் என்று சிறையில் போட்டார்கள், பாவம்.

கார் பெருகிய பிறகு மடக்க வேண்டிய தேவை குறைந்தது. பழைய கார்களின் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வடிய ஒரு விளிம்பு இருக்கும். அதில் கவ்வியை மாட்டிக் கம்பிகளை நிறுத்தினால் கேரியர். 1942-ல் சுவீடனில் தொடங்கி மீன் பொறி விற்ற தூலே நிறுவனமும், 1970களில் அமெரிக்காவில் வந்த யாகிமாவும் பிற்பாடு இதில்தான் பெயர் வாங்கின. நம்மூர் அம்பாசிடருக்கும் அதே விளிம்பு உண்டு. சபரிமலை சீசனில் கேரியர் நிறைய மூட்டையோடு போன அம்பாசிடர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த மூட்டைக் கேரியரில் கயாக்கை வைக்கக் கூடாது. சுற்றிலும் உள்ள கம்பி விளிம்பு படகின் அடியை அழுத்திப் பள்ளமாக்கும். கயாக்குக்கு வேண்டியது குறுக்கே இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. இங்கேதான் இந்தியக் கார்களில் ஒரு இடைஞ்சல். 2006 முதல் 4 மீட்டருக்குள் இருக்கும் சிறிய கார்களுக்கு வரிச்சலுகை கிடைத்ததால், கம்பெனிகள் போட்டி போட்டு வண்டியைக் குறுக்கின. கடல் கயாக்கோ 5 மீட்டர். முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு நிற்கும், இரண்டு கம்பிகளும் கிட்டக்கிட்ட வரும், காற்று அடித்தால் படகு துடுப்பு மாதிரி திரும்பப் பார்க்கும். இன்னொன்று, பல கார்களில் கூரையில் பளபளவென்று நீளக் கம்பிகள் இருக்கின்றனவே, அவற்றில் பாதி அழகுக்கு ஒட்டியவை. பாரம் தாங்குமா என்பதை வண்டியோடு வரும் கையேட்டில் பார்த்த பிறகுதான் கேரியர் வாங்க வேண்டும். கூரை தாங்கும் எடை பெரும்பாலான கார்களில் 50 முதல் 75 கிலோ, அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. 25 கிலோ படகு ஒன்று தாராளம். இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் படகுகள் இரண்டை ஏற்றினால் கணக்கு இடிக்கும்.

கட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. படகைக் கவிழ்த்து வைத்தால் மழைத்தண்ணீர் நிற்காது. கம்பிக்கும் படகுக்கும் நடுவே ரப்பர் அல்லது நுரைப்பஞ்சு வேண்டும். பட்டையைப் படகின் மேல் போட்டு, கம்பிக்கு அடியில் கொடுத்து வாங்கி, கையால் இழுக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் நெம்புகோல் பட்டை வேண்டாம். திருச்சி வெயிலில் இளகும் பிளாஸ்டிக் அந்த இறுக்கத்தில் நசுங்கி, அப்படியே உருமாறி நின்றுவிடும். நைலான் கயிறு நனைந்தால் நீளும், பாலியஸ்டர் பட்டைதான் நம்பகமானது. பட்டையில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் ரீங்காரம் போடாது. எல்லாவற்றுக்கும் மேல் படகின் மூக்கையும் வாலையும் தனிக் கயிற்றால் வண்டியின் இழுவைக் கொக்கியில் கட்ட வேண்டும். பலர் சோம்பல்பட்டு விடுவது இதைத்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். கூரைக் கவ்வி விட்டுப்போனால் படகைப் பிடித்து வைப்பது அந்த இரண்டு கயிறுகள் மட்டுமே. கிளம்பிப் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வேடிக்கை என்னவென்றால் பரிசலை இப்படிக் கொண்டு போக முடியாது! ஆள் ஏற்றும் பரிசலின் குறுக்களவு கிட்டத்தட்ட 2 மீட்டர் இருக்கும். மாருதி 800-இன் மொத்த அகலமே 1.44 மீட்டர். வட்டம் தலைக்கு, நீளம் காருக்கு. மேட்டூர் திறக்காத மாதங்களில் காவிரி வெறும் மணலாகக் கிடக்கையில், திருச்சியில் கயாக் வைத்திருப்பவர் சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோதான் வண்டியைத் திருப்ப வேண்டும்.

இது பொழுதுபோக்கோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியிலும் டெம்போவிலும் ஏற்றிக்கொண்டு, கடலே இல்லாத முடிச்சூர் வரை போனார்கள். 2018 ஆகஸ்டில் காவிரியில் 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் 9 மதகுகள் அடித்துப் போயின. அதே மாதம் கேரளத்தில் வெள்ளம் வீட்டுக் கூரைகளைத் தொட்டது. கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரைகளிலிருந்து நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் லாரிகளில் கயிறு போட்டுக் கட்டப்பட்டு, ராத்திரியோடு ராத்திரியாகச் செங்கன்னூர் பக்கம் வந்து இறங்கின. வாசல் கேட்டிலும் மதில் சுவரிலும் மோதி அடிப்பக்கம் கிழிந்த படகுகள் ஏராளம். அவற்றைப் பழுது பார்க்கும் செலவையும், படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் தருவதாக அரசு அறிவித்தது. உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி லாரியில் படகைக் கட்டிக்கொண்டு கடலுக்குத் திரும்பியவர்களும் உண்டு.