வாளையாற்றைக் கடக்கும் வாத்துகள்

கஞ்சிக்கோட்டு வயல்களில் முண்டகன் அறுவடை முடிந்ததும் வாத்துக்கூட்டங்கள் இறங்கும். அரிதாள்களுக்கிடையே சிந்திய நெல், நத்தை, புழுபூச்சி தீர்ந்ததும் அடுத்த வயல். மேய்ப்பவர்களில் ஒருவர் தமிழிலும் மற்றவர் மலையாளத்திலும் மறுமொழி சொல்வார். இவை எந்த இனம் என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

மணிலா வாத்து நீங்கலாக, வீட்டு வாத்துகள் யாவும் அனாஸ் பிளாட்டிரிங்கோஸ் என்னும் காட்டு வாத்தின் வழிவந்தவை. ஆண்வாத்தின் வாலில் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும் இறகு அம்மூதாதை விட்டுச்சென்ற அடையாளம். ஆயினும் ஒரு பண்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. காட்டுப் பெட்டை தன் முட்டையைத் தானே அடைகாக்கும். நம் மந்தைப் பெட்டை இட்ட இடத்திலேயே முட்டையை விட்டு நடந்துவிடும். முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவு இது. எனவே வாத்து முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்து 28 நாள் காத்திருந்தனர். நாட்டு வாத்தின் வரலாற்றில் கோழிக்கும் பங்குண்டு என்று நான் சொல்வது வேடிக்கைக்காக அன்று.

குட்டநாட்டு வாத்துகளைச் சாரா, செம்பல்லி என இரு வகையாகப் பிரிப்பர். முன்னது கரும்பழுப்பு, பின்னது செம்பழுப்பு. வடதமிழகத்தில் வழங்கும் பெயர்கள் சன்யாசி, கீரி: ஒன்று காவியுடையின் நிறம், மற்றொன்று கீரிப்பிள்ளையின் நிறம். மேய்ப்பவர்கள் நிறத்தையே பெயராக்கினர். இங்கிலாந்தில் அடேல் கேம்பெல் அம்மையார் உருவாக்கிய காக்கி கேம்பெலும் படைவீரர் சீருடையின் நிறத்தால் பெயர் பெற்றதே. அதன் முன்னோர்களுள் ஒன்றான 'இந்திய ரன்னர்' உண்மையில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து சென்றது. இனப்பெயரில் உள்ள ஊரை நம்பலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்று நாட்டினங்களை மாநில வாரியாக வகைப்படுத்துகிறோம். அது பாதுகாப்புக்குத் தேவையே, மறுக்கவில்லை. ஆனால் குட்டநாட்டில் பொரித்த குஞ்சு திருச்சூர்க் கோள்நிலங்களிலும் பாலக்காட்டு வயல்களிலும் மேய்ந்து, கணவாய் வழியே தமிழகத்துக்கும் போகிறது. அறுவடை நாள்கள் ஊருக்கு ஊர் மாறுபடுவதால்தான் இந்த வாழ்க்கையே இயலுகிறது. ஆகவே இவ்வினங்களை உருவாக்கியது பண்ணையோ மாவட்டமோ அன்று, இந்த வழித்தடமே என்பது என் கருத்து. நெடுந்தொலைவு நடக்கும் கால், மந்தையை விட்டுப் பிரியாத இயல்பு, கிடைத்ததைத் தின்று முட்டையிடும் திறன் ஆகியவை அவ்வழியிலேயே தேறியவை.

2014 நவம்பரில் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் பரவி இலட்சக்கணக்கான வாத்துகள் அழிக்கப்பட்டன. நோய் வரும்போதெல்லாம் வாளையாற்றுச் சோதனைச்சாவடியில் பறவை வண்டிகள் நிறுத்தப்படுகின்றன. நோயைத் தடுக்க வேறு வழியில்லை. இழந்த மந்தையை ஈடுசெய்பவர், கிடைக்கும் குஞ்சை வாங்குகிறார். ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் காக்கி கேம்பெல் இருக்க, ஏறத்தாழ 200 இடும் நாட்டு வாத்தை அவர் ஏன் தேட வேண்டும்? மந்தையில் ஆண்வாத்துகள் சிலவே. அவற்றை மாற்றினால் இரண்டு மூன்று தலைமுறையில் நிறமும் நடையும் மாறிவிடும். அந்த மாற்றத்தை எழுதிவைக்க மந்தையில் ஏடு இல்லை. எந்த ஆண்வாத்து எங்கிருந்து வந்தது என்பது மேய்ப்பவரின் நினைவில் மட்டுமே உள்ளது. நம் ஆய்வேடுகளில் அவர்களது கூற்றுக்கு ஒரு பின்னிணைப்பு அட்டவணைக்கு மேல் நாம் இடம் தந்ததில்லை.