சிற்றலையும் ஏரியலும்

வானொலிப் பிரியர்கள் ஏரியலோடு 'ட்யூனர்' என்னும் இசைவுக் கருவியையும் வாங்கத்தான் வேண்டுமா? நம் பேராக் வரலாற்றைப் பார்ப்போம்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிற்றலை கேட்பது கடுங்குற்றம். ஈப்போவை அடுத்த பாப்பானில் சிபில் கார்த்திகேசு அம்மையார் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து பிபிசி செய்தி கேட்டார். காட்டுப் போராளிகளுக்கு மருத்துவமும் செய்தார். 1943-இல் கைதாகிச் சித்திரவதைப்பட்டார், 1948-இல் காலமானார். செய்திக்கு அவர் கொடுத்த விலை அது.

கேட்பவருக்கு உயரக் கட்டிய நீண்ட கம்பியே பெரும்பாலும் போதும். சிற்றலையில் செய்தியோடு இரைச்சலும் வருகிறது. ட்யூனர் இரண்டையும் சேர்த்தே கூட்டும்.

அனுப்புவது வேறு. 1943-இல் பேராக் வந்திறங்கிய ஜான் டேவிஸ் குழுவுக்கு 1945 தொடக்கத்தில்தான் இலங்கையோடு வானொலித் தொடர்பு கிட்டியது. கனத்த கருவிகளைக் காட்டுக்குள் சேர்ப்பதே பெரும்பாடாயிற்று. அனுப்பும் கருவியோடு ஏரியல் இசையாவிட்டால், சக்தியில் ஒரு பகுதி திரும்பி வரும், கருவியும் பழுதாகலாம். அங்கே ட்யூனர் உதவும். ஆனால் மோசமான ஏரியலை அது நல்லதாக்காது.

ஆகவே, கேட்கும் நாம் காசைக் கம்பியில் போடுவோம். உரிமம் பெற்று அனுப்புவோர் ட்யூனர் வாங்கட்டும்.