பிரேக் ஒயிலும் ஆமணக்கெண்ணெயும்

கடந்த டிசம்பர் விடுமுறையில் மச்சானுடைய பழைய கெப் வாகனத்தில் நுவரெலியா போய்த் திரும்பும்போது, றம்பொடை இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போனது. பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்தது போல அடிவரை இறங்கியது. பின் சீட்டில் பிள்ளைகள். மச்சான் கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மண்மேட்டில் சரித்து நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ்.

அரை மணித்தியாலம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி பிடிக்கிறது! ஊருக்கு வந்து ஒரு கராஜில் காட்டினோம். ஒயில் குறையவில்லை, எங்கும் கசிவில்லை, "ஒரு பிழையுமில்லை" என்றார்கள். அந்தப் பதில்தான் என்னைத் தேட வைத்தது.

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும் என்ற பாஸ்காலின் தத்துவத்தை நாமெல்லோரும் பாடசாலையில் படித்தோம். அவர் இறந்த மறுவருடம், 1663இல், அது அச்சில் வந்தது. ஆனால் மோட்டார் கார் வந்து பல வருடங்களுக்குப் பிறகும் பிரேக்கை இயக்கியது கேபிளும் இரும்புத் தண்டும்தான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு இழுவை கொடுப்பது அதில் பெரும்பாடு. ஒரு பக்கம் முந்திப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

தண்டுக்குப் பதிலாகத் திரவத்தை வைத்தவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். விமானக் கம்பனியால் பெயர் பெற்ற அதே குடும்பம். 1921இல் லெ மானில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிறி ஓட்டத்தில், கல் பெயர்ந்து கிடந்த பாதையில், திரவ பிரேக் பூட்டிய டூசன்பேர்க் காரை ஓட்டி ஜிம்மி மர்பி வென்றார். 1924இல் கிறைஸ்லர் கார் அதைச் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்குக் கிட்டக் கொண்டுவந்தது. நம் நாட்டில் ஓடித் திரிந்த மொரிஸ் மைனரிலும் லொக்ஹீட் பிரேக்தான்.

ஆரம்பத்தில் பெரிய தலையிடி கசிவு. உள்ளே அடைப்பாக இருந்தது தோல். கிறைஸ்லரின் பொறியியலாளர்கள் அதை இறப்பருக்கு மாற்றினார்கள். ஆனால் இறப்பருக்கு எந்தத் திரவம் ஒத்துவரும்? என்ஜின் ஒயில் பட்டால் இயற்கை இறப்பர் ஊதிக் கெட்டுவிடும். (இன்றைய பிரேக் இறப்பருக்கும் அது ஆகாது. "அவசரத்துக்கு" என்று பிரேக் டாங்கியில் வேறு ஒயில் ஊற்றுகிறவர்கள் கவனிக்கவும்.) இறப்பரைக் கெடுக்காத எண்ணெயாக அகப்பட்டது ஆமணக்கெண்ணெய். ஆம், வயிறு சுத்தமாகச் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக் குடிப்பாட்டிய அதே எண்ணெய்தான்! அது தடிப்பு என்பதால் மதுசாரம் கலந்தார்கள். மதுசாரமோ சூட்டில் சீக்கிரம் கொதித்தது.

ஹென்றி ஃபோர்ட் திரவத்தை நம்பவேயில்லை. போட்டிக் கம்பனிகள் மாறிய பிறகும் இரும்புத் தண்டிலேயே நின்று, 1939 மாடலில்தான் மாறினார். பிடிவாதக்காரர் என்று எழுதுகிறார்கள். றம்பொடையில் எங்களை நிறுத்தியது கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக் என்பதால், அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு வந்தவை கிளைக்கோல் வகைத் திரவங்கள். இன்று நாம் வாங்கும் டொட் 3, டொட் 4 இரண்டும் அந்த வகைதான். இவை கொதிக்க அதிக வெப்பம் வேண்டும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும். அதில் ஒரு நன்மையும் உண்டு. கலக்காத திரவமென்றால் உள்ளே வரும் நீர் துளியாகச் சேர்ந்து, சக்கரத்தருகே துருவேற்றி, 100 பாகையிலேயே கொதித்துவிடும். கலந்துவிடுவதால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் மொத்தத் திரவத்தின் கொதிநிலையும் மெல்ல மெல்ல இறங்குகிறது. புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் தாங்க வேண்டும். சுமார் 3.7 வீதம் நீர் சேர்ந்த நிலையில் அதற்குரிய அளவு 140தான்.

அன்று நடந்தது இதுதான். நீண்ட இறக்கத்தில் இடைவிடாமல் மிதித்ததில் சக்கரத்தருகே திரவம் கொதித்து ஆவிக் குமிழாகியது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் குமிழைத்தான் நசுக்கியது. ஆறியதும் ஆவி திரும்பத் திரவமானது. பிறகு கராஜில் தேடினால் என்ன கிடைக்கும்? ஒயில் "குறையவில்லை" என்பதால் எட்டு வருடமாக அதை யாரும் மாற்றவுமில்லை.

போன சனிக்கிழமை வீட்டு முற்றத்தில் மாற்றினோம். மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கினோம். மருமகன் பெடலை மிதித்துப் பிடிக்க, மச்சான் நிப்பிளைத் திறந்து, அவன் காலை எடுக்குமுன் மூடுவார். டாங்கி வற்றினால் காற்று போய்விடும் என்பதால் புதியதை ஊற்றிக்கொண்டே இருந்தது நான். இரண்டு சொட்டு மட்காட்டில் சிந்தி, கழுவுவதற்குள் பெயின்டைத் தின்றுவிட்டது. போத்தலில் சேர்ந்த பழைய ஒயில் கடும் பிளேன்டீ நிறம்.

வேலை முடிந்ததும், கராஜ் அலுமாரியில் மூன்று வருடமாகத் திறந்து கிடந்த அரைப் போத்தல் பிரேக் ஒயிலை மச்சான் காட்டினார். "இது புதுசுதானே, அடுத்த முறைக்கு வைப்போமா?" இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.